எறிந்த குப்பை எங்கே போகிறது?

காரைக்காலில் ஒரு மனிதரின் ஒரு நாள் கணக்கு

நேற்றுக் காலை எழுந்தது முதல் இரவு படுக்கப் போனது வரையில் நீங்கள் எதை எதைத் தூக்கி எறிந்தீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம் அல்ல. என்ன சாப்பிட்டோம் என்பது நினைவு இருக்கும். என்ன செலவு செய்தோம் என்பதும் நினைவு இருக்கும். எதை எறிந்தோம் என்பது மட்டும் நினைவு இருக்காது. கையை விட்டுப் போன பொருள், மனதை விட்டும் போய்விடுகிறது!

ஆனால் எறிந்த பொருள் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. எங்கேயோ ஓர் இடத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. அது எங்கே போகிறது? யார் கைக்குப் போகிறது? காவிரியின் கிளையான அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்காலில், ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு நாள் குப்பையைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம்.

பத்தொன்பது பொருள்!

காரைக்கால் பட்டணத்தில் ஒரு வீடு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. எந்தத் தெருவிலும் காணக்கூடிய குடும்பம். குடும்பத் தலைவர் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பங்கை மட்டும் எண்ணுவோம்.

காலையில் காப்பித்தூள் சக்கை ஒன்று. பால் கவர் இரண்டு. குளிக்கும்போது கிழித்துப் போட்ட ஷாம்பு பொட்டலம் மூன்று. கடைக்குப் போகும் வழியில் ஒரு டீ. பதினொரு மணிக்கு இன்னொரு டீ. ஆக, காகிதக் குவளை இரண்டு. கூடவே ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் உறை. தாகத்துக்கு வாங்கிய தண்ணீர் பாட்டில். இதுவரையில் ஏழு.

மத்தியானச் சாப்பாடு வீட்டில். காய்கறித் தோலும் முருங்கைக்காய்ச் சக்கையும் ஒரு பிடி. மீன் முள்ளும் செதிலும் ஒரு பிடி. சாப்பிட்ட பிறகு ஒரு வாழைப்பழத் தோல். மாலையில் வடை மடித்துக் கொடுத்த காகிதம். சுவாமி படத்திலிருந்து எடுத்த வாடிய பூச்சரம். தலைவலி மாத்திரை இருந்த அட்டை. ஆக, பதின்மூன்று.

இரவு பரோட்டா பொட்டலம். அதைக் கட்டிய வாழை இலை, காகிதம், நூல். சால்னாவுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். வெங்காயப் பச்சடிக்கு இன்னொரு கவர். எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்த பை. கூட்டிப் பாருங்கள். மொத்தம் பத்தொன்பது!

இந்தப் பத்தொன்பதை இரண்டு பங்காகப் பிரிக்கலாம். காப்பிச் சக்கை, காய்த்தோல், மீன் முள், பழத்தோல், பூ, இலை, நூல், இரண்டு காகிதம் ஆகிய ஒன்பதும் மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும். மீதிப் பத்தும் மண்ணாகாது.

“டீக் குவளை காகிதம்தானே? அது மக்காதா?” என்று கேட்கலாம். காகிதத்தில் சூடான டீயை ஊற்றினால் ஊறிக் கிழிந்துவிடும். அதனால் குவளையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு பூசியிருக்கிறது. பார்வைக்குக் காகிதம், உள்ளே பிளாஸ்டிக்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எடையில் பெரும் பங்கு அந்த ஒன்பதுதான். மக்காத பத்தையும் ஒன்றாய்ச் சேர்த்துத் தராசில் வைத்தால் ஏறக்குறைய ஒரு கோழி முட்டை எடைதான் தேறும். ஆனால் தொல்லை முழுவதும் அந்தக் கோழி முட்டை எடையில்தான் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

நாலு சிப்பம்

சின்னப் பட்டணங்களில் ஓர் ஆள் நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் வரை குப்பை போடுகிறார். பெருநகரங்களில் 400 முதல் 600 கிராம் வரை போடுகிறார். இது நமது நாட்டுச் சுகாதாரப் பொறியாளர்கள் வெகு காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

நடுவாக 250 கிராம் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 91 கிலோ ஆகிறது. 25 கிலோ அரிசிச் சிப்பம் கிட்டத்தட்ட நாலு! ஒரு மனிதர் தம் உடம்பின் எடையைவிட அதிகமான குப்பையை ஒரே வருஷத்தில் போட்டுவிடுகிறார்.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி காரைக்கால் மாவட்டத்தில் 2,00,222 பேர் இருந்தார்கள். ஆளுக்கு 250 கிராம் என்றால் நாள் ஒன்றுக்கு 50 டன். பத்து டன் ஏற்றும் லாரிகள் ஐந்து தினமும் வேண்டும்! நகராட்சியும், திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் இந்தச் சுமையைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954-ல் போய்விட்டது. “கொம்யூன்” என்ற அவர்கள் சொல் மட்டும் இங்கே தங்கிவிட்டது.

உலகக் கணக்கைப் பார்த்தால் நாம் தேவலை என்று தோன்றும். உலக வங்கி 2018-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்தின் சராசரி ஆளுக்கு நாளொன்றுக்கு 740 கிராம். அமெரிக்காவில் ஒருவர் ஏறக்குறைய 2 கிலோ போடுகிறார். ராப் கிரீன்பீல்டு என்ற அமெரிக்கர் 2016-ல் இதை ஊருக்கு உணர்த்த ஒரு விநோதமான காரியம் செய்தார். தாம் போட்ட குப்பையை எறியாமல், ஒரு மாத காலம் உடம்பிலேயே அணிந்துகொண்டு நியூயார்க் வீதிகளில் நடந்தார்! கண்ணாடி போன்ற பைகளில் குப்பை நிரம்பி, நாளுக்கு நாள் அவர் உருவம் பருத்துக்கொண்டே போனது. கடைசி நாட்களில் கதவு வழியே நுழைவதே பெரும்பாடாகியிருக்கும்!

குப்பை பொய் சொல்லாது

தாம் போடும் குப்பை எவ்வளவு என்று மனிதருக்கு உண்மையிலேயே தெரியாது. இதை ஆராய்ச்சி செய்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ராத்ஜே, புதைபொருள் ஆராய்ச்சிக்காரர். அவர் 1973-ல் ஒரு புதிய வேலையைத் தொடங்கினார். மாணவர்களை வைத்துக்கொண்டு, டூசான் நகரத்து வீடுகளின் குப்பையைப் பிரித்து, எடை போட்டு, எழுதிவைத்தார். வீட்டுக்காரர்களிடமும் விசாரித்தார்கள். “பீர் அதிகம் குடிப்பதில்லை” என்று வாய் சொன்னது. குப்பைத்தொட்டியில் கிடந்த புட்டிகள் வேறு கதை சொல்லின!

பிறகு 1987 முதல், குப்பை கொட்டி மூடிய மேடுகளையே தோண்டிப் பார்த்தார்கள். பல வருஷங்களுக்கு முன் புதைந்த செய்தித்தாள்கள் அப்படியே இருந்தன. எழுத்தை வாசிக்கவும் முடிந்தது! காகிதம் ஏன் மக்கவில்லை? காற்றும் ஈரமும் போய்ச் சேராத ஆழத்தில் அமுக்கி மூடியதுதான் காரணம். மக்கும் பொருள்கூட, போடுகிற இடத்தில் போட்டால்தான் மக்கும்.

நமது பக்கத்திலும் இதற்கு அத்தாட்சி உண்டு. புதுச்சேரிக்கு அருகே இருக்கும் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் தோண்டினார். கிடைத்தவற்றில் முக்கியமானவை என்ன? உடைந்த ஓடுகள்! இத்தாலியிலிருந்து வந்த தட்டுகளின் சில்லுகள்; கப்பலில் திராட்சை மது வந்த ஜாடிகளின் துண்டுகள். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ உடைத்து எறிந்த குப்பைதான், ரோமாபுரியோடு தமிழர் செய்த வியாபாரத்துக்குச் சாட்சியாய் நிற்கிறது.

அந்தக் காலத்தார் விட்டுப்போனது மண் ஓடு. நாம் விட்டுப்போகப் போவது என்ன?

குப்பை என்றால் உரம்

“குப்பை” என்ற சொல்லுக்குப் பழைய அர்த்தம் குவியல். நெற்குப்பை என்றால் நெல் குவியல். அந்தப் பெயரில் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊரே இருக்கிறது. டெல்டா விவசாயிக்குக் குப்பை என்றால் உரம். சாணமும் சாம்பலும், வைக்கோல் கழிவும், கூட்டிய சருகும் வருஷம் முழுவதும் கொல்லைக் குழியில் விழும். கோடையில் வண்டி கட்டிக்கொண்டு வயலுக்குக் குப்பை அடிப்பார்கள். ஜூன் மாதத்தில் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது வயல் தயாராய் இருக்கும். குப்பைக் குழி பெரிதாயிருந்தால் அந்த வீடு வசதியான வீடு என்று அர்த்தம்!

அந்த நாளில் மற்றப் பொருள்களுக்கும் வழி இருந்தது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கும். கிழிந்த வேட்டி பிள்ளைக்குத் தூளித் துணியாகும். பிறகு கைப்பிடித் துணியாகும். கடைசியில் விளக்குத் திரியாகும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் தெருவில் வருவார். பழைய புடவைக்குப் பாத்திரம் கொடுப்பவரும் வருவார். பழைய செய்தித்தாள் மளிகைக் கடையில் பொட்டலமாகும். எறிவதற்கு என்று மிச்சம் நிற்பது மிகவும் கொஞ்சம்.

காரைக்காலின் பெரிய திருவிழாவையே பாருங்களேன். ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா. புனிதவதியார் என்ற காரைக்கால் அம்மையார், கணவர் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்த வரலாற்றைக் கொண்டாடுவது அது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மக்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். கூட்டம் கையை நீட்டிப் பிடிக்கும். பழத்தைச் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவது தோலும் கொட்டையும். தோல் மண்ணாகும். கொட்டை மண்ணில் விழுந்தால் மரமாகும். குப்பை என்றால் அப்படி இருக்க வேண்டும்!

கடலூரில் பிறந்த பொட்டலம்

பிறகு எப்படி மாறியது? காரைக்காலுக்கு வடக்கே, இதே கடற்கரையில் இருக்கும் கடலூரில் அந்தக் கதையின் ஓர் அத்தியாயம் நடந்தது.

கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். சிறிய அளவில் மருந்து முதலிய பொருள்கள் செய்து விற்றவர். பெரிய புட்டியில் விற்கும் பொருளை ஏழைகளால் வாங்க முடியவில்லை. அதையே ஒரு தடவைக்கு வேண்டிய அளவு சின்னப் பொட்டலத்தில் அடைத்தால் கூலிக்காரரும் வாங்கலாமே என்று அவருக்கு யோசனை பிறந்தது. அவருடைய பிள்ளைகள் அந்த யோசனையை ஷாம்புவில் பெரிதாக நடத்திக் காட்டினார்கள். அவர்களில் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பட்டணத்துப் பணக்காரர் தலையில் தேய்த்தது, குக்கிராமத்துப் பெண்ணின் தலைக்கும் வந்தது. இது நல்ல காரியம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பொட்டலத்தின் உறை? சரக்கு கெடாமல் இருக்க, இப்படிப்பட்ட உறைகளைப் பல அடுக்காகச் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கோடு சில உறைகளில் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும். பிரித்தெடுப்பது கஷ்டம். அதனால் பழைய பேப்பர்க் கடைக்காரர் இதை வாங்குவதில்லை. பால் கவருக்கு விலை உண்டு. தண்ணீர் பாட்டிலுக்கு விலை உண்டு. ஷாம்பு உறைக்கு விலை இல்லை. விலை இல்லாத பொருளைப் பொறுக்க ஆளும் இல்லை!

கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையும் புதிதாய் வந்ததுதான். சுவீடன் நாட்டுக்காரர் ஸ்டென் துலின் கண்டுபிடித்த அந்தப் பைக்கு 1965-ல்தான் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. இன்றைய பாட்டிகளில் பலர் அந்தப் பையைவிட மூத்தவர்கள்!

கடைமடைக்கு வந்த விருந்தாளி

காரைக்கால் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, ஆயிரக்கணக்கான வயல்களுக்குப் பாய்ந்து, கடைசியில்தான் இங்கே வரும். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. தண்ணீர். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் இங்கே மதிப்பு உண்டு.

அந்தத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது கூடவே வருவது என்ன? மேலே உள்ள ஊர்களில் எறிந்த பைகளும், பாட்டில்களும், உறைகளும்! கும்பகோணம் பக்கத்தில் அரசலாற்றில் எறிந்த கவருக்குக் காரைக்கால்தான் போகும் வழி. கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில் வருகிறது. குப்பையோ முதல் தண்ணீரோடு முந்திக்கொண்டு வருகிறது.

மதகின் வாயில் நாலு பைகள் சிக்கினால் போதும். அதன் மேல் ஆகாயத்தாமரை வந்து அடையும். அதன் மேல் சேறு படியும். வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதே அடைப்பு எதிர்வினை செய்யும். வடிய வேண்டிய தண்ணீர் வடியாது. பயிர் அழுகும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கொசு பெருகும். கோழி முட்டை எடையின் தொல்லை இதுதான்!

மதகைத் தாண்டியது கடலுக்குப் போகிறது. அங்கே வெயிலும் உப்புக் காற்றும் அலையும் பட்டு, பிளாஸ்டிக் மக்காமல் சின்னச் சின்னத் தூளாக உடைகிறது. மீன் அதை இரையோடு விழுங்குகிறது. வலை இழுக்கிறவர்களுக்கு மீனோடு பையும் ஏறுகிறது. காலையில் எறிந்த பொருள் சுற்றிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டுக்கே வரப் பார்க்கிறது!

நளன் குளத்துத் துணி

ஒருவர் எறிவது ஒன்றே ஒன்றுதான். ஆனால் எறிகிறவர்கள் லட்சம் பேர் என்றால் என்ன ஆகும்? இதை அறியத் திருநள்ளாற்றுக்குப் போக வேண்டும்.

சனி பகவான் சன்னிதி உள்ள தர்ப்பாரண்யேஸ்வரர் கோவில் அங்கே இருக்கிறது. நளமகாராஜனைப் பிடித்த சனி இங்கேதான் விலகியது என்பது ஐதீகம். அதனால் பக்தர்கள் நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். துணியோடு கஷ்டமும் போகும் என்பது நம்பிக்கை. 2023 டிசம்பர் 20-ந் தேதி நடந்த சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கான மக்கள் வந்தார்கள். சாதாரண சனிக்கிழமைகளிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை.

முன்னே துணி என்றால் பருத்தி. நாளடைவில் மக்கிப் போகும். இன்றைய துணிகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல் கலந்திருக்கிறது. அதுவும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். ஈரத்தில் நனைந்த துணியைக் குளத்திலிருந்து வாரி வாரி அப்புறப்படுத்துவது ஊழியர்களுக்கு ஓயாத வேலை. கஷ்டத்தை விட்டுவிட்டுப் போகிறவருக்கு நிம்மதி. அந்தக் கஷ்டத்தை இரண்டு கையாலும் வாருகிறவரை யார் நினைக்கிறார்கள்? ஏழைக்கு ஒரு துணியைத் தானமாகக் கொடுப்பதும் பரிகாரந்தான். அது குளத்தைக் கெடுக்காது. ஓர் உடம்பையும் மூடும்.

கலந்தால் கெட்டது

இனி கணக்கு எழுதுகிறவரின் பத்தொன்பது பொருளுக்கு வருவோம். இரவு அவர் வீட்டில் எல்லாம் ஒரே கூடையில் விழுகின்றன. மீன் செதில், மாத்திரை அட்டை, சால்னா கவர், பழத்தோல் அத்தனையும் ஒன்றாய்ச் சேர்ந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போடப்படுகின்றன. கெடுதல் நடப்பது இந்த இடத்தில்தான்.

தனியாக இருந்தால் பழத்தோல் உரம். தனியாக இருந்தால் பாட்டில் காசு. இரண்டும் கலந்தால் உரமும் இல்லை, காசும் இல்லை, நாற்றம்தான் மிச்சம்!

காலையில் அந்த முடிச்சை ஒருவர் அவிழ்க்க வேண்டும். அவரும் நம்மைப் போல் மனிதர். அவர் விரல் முதலில் எதில் படும்? உடைந்த கண்ணாடியா? பழைய பிளேடா? ஊசியா? குழந்தையின் அசுத்தத் துணியா? முடிச்சுப் போட்டவருக்கு அது தெரியும். அவிழ்ப்பவருக்குத் தெரியாது. நாம் இரண்டு நிமிஷத்தில் வீட்டில் பிரிக்கக்கூடியதை, அவர் நாள் முழுவதும் வெயிலில் நின்று பிரிக்க வேண்டியிருக்கிறது.

பிரிக்காமலே கொட்டினால் மேடு வளரும். அடியில் காற்று இல்லாமல் அழுகும் கழிவிலிருந்து மீத்தேன் என்ற எரிவாயு கிளம்பும். பிளாஸ்டிக்கும் கூட இருந்தால் கேட்க வேண்டுமா? சென்னைப் பெருங்குடியில் 2022 ஏப்ரலில் குப்பை மேடு தீப்பற்றியது. கொச்சிப் பட்டணத்துப் பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2-ந் தேதி பற்றிய தீ, பத்து நாளுக்கு மேல் அணையவில்லை. நகரமே புகையில் திணறியது.

ஆலப்புழை காட்டிய வழி

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் ஆலப்புழை என்ற கடற்கரைப் பட்டணம் இருக்கிறது. அதுவும் வாய்க்கால்கள் நிறைந்த ஊர்.

அந்தப் பட்டணத்துக் குப்பையெல்லாம் பக்கத்துக் கிராமமான சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டு வந்தது. 2012-ல் அந்தக் கிராமத்தார், “இனி ஒரு லாரியும் உள்ளே வரக்கூடாது” என்று மறித்துவிட்டார்கள். ஆலப்புழைத் தெருக்களில் குப்பை குவிந்து நாறியது. அதற்குப் பிறகுதான் ஊருக்குப் புத்தி வந்தது. வீட்டு ஈரக் கழிவை வீட்டிலேயே உரமாக்கக் குழாய்த் தொட்டிகளும், சாணவாயு போன்ற எரிவாயுக் கலங்களும் கொடுத்தார்கள். இடம் இல்லாதவர்களுக்காகத் தெருக்களில் பொது உரத் தொட்டிகள் வைத்தார்கள். குப்பை மேடாக இருந்த மூலைகள் துப்புரவாயின. 2017-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம், குப்பையை நன்றாகக் கையாளும் ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது!

பிளாஸ்டிக்குக்கும் வேலை உண்டு என்று காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன். பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, காய்ச்சிய ஜல்லியின் மேல் போட்டால் உருகிப் பூச்சாய்ப் படியும். பிறகு தாரைக் கலந்து சாலை போடலாம். இதற்காக 2018-ல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனால் பிளாஸ்டிக் துப்புரவாக, தனியாக வர வேண்டும். மீன் செதிலோடு வந்தால் சாலைக்கும் ஆகாது.

பத்து எப்படி நாலாகும்?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. வீட்டிலேயே ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, அபாயமான குப்பை என்று பிரிக்கச் சொல்லி மத்திய சர்க்கார் 2016-ல் விதி வகுத்தது. ஒரு தடவை உபயோகித்து எறியும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் “மீண்டும் மஞ்சப்பை” இயக்கம் தொடங்கியது. ஆனால் சட்டம் வாசலோடு நின்றுவிடும். சமையலறைக்குள் வர வேண்டியது பழக்கம்.

கணக்கு எழுதுகிறவரின் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் அந்த ஒன்பது. அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட ஒரு மண் தொட்டி போதும். ஒரு பிடி ஈரக் கழிவு போட்டால், அதை மூடும்படி காய்ந்த சருகு போட வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளிக்கலாம். பிழிந்த துணி போல் ஈரம் இருந்தால் போதும், சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் காற்றுப் போகும், நாறாது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கறுத்த உரம் கிடைக்கும். மீன் கழிவைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பது நல்லது. முருங்கைக்கும் வாழைக்கும் அதைவிட நல்ல உரம் வேறு வேண்டாம்.

அடுத்து அந்தப் பத்து. டீக்கடையில் கண்ணாடித் தம்ளரில் கேட்டு வாங்கினால் இரண்டு குறையும். வீட்டிலிருந்து தண்ணீர் எடுத்துப் போனால் ஒன்று. சால்னாவுக்கும் பச்சடிக்கும் தூக்கும் கிண்ணமும் கொண்டு போனால் இரண்டு. கையில் மஞ்சள் பை இருந்தால் ஒன்று. ஆக, ஆறு போயிற்று. பால் கவர், ஷாம்பு உறை, பிஸ்கட் உறை, மாத்திரை அட்டை ஆகிய நாலுதான் மிச்சம்!

அந்த நாலையும் துடைத்து உலர்த்தித் தனிப் பையில் போட வேண்டும். பால் கவரின் மூலையை வெட்டும்போது துண்டாய் வெட்டிவிடாமல் ஓரம் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். தனியாய்ப் பறக்கும் அந்தச் சின்னத் துண்டைப் பொறுக்க யாராலும் முடியாது. பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடி ஆகியவற்றைத் தகர டப்பாவில் போட்டு மூடி, இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். வாங்குகிறவர் கை தப்பும்.

ஒரு மனிதர் செய்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். தினம் ஆறு பொருள் குறைந்தால் வருஷத்துக்கு 2,190 பொருள் குறையும். அவ்வளவும் ஒரு மதகின் வாயில் சிக்காமல் போகும். ஒரு வீட்டைப் பார்த்து அடுத்த வீடு செய்யும். மாங்கனித் திருவிழாவில் முதலில் மாம்பழம் இறைத்ததும் யாரோ ஒரு வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஊர் பிறகுதான் கையை நீட்டியிருக்கும்.

இன்று இரவு கதவைச் சாத்துவதற்கு முன், வீட்டுக் கூடையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள். மண்ணுக்குப் போக வேண்டியது எத்தனை? கடைக்குப் போக வேண்டியது எத்தனை? வாங்காமலே இருந்திருக்கலாம் என்பது எத்தனை?

காலையில் அந்தக் கூடையை வாங்க வருகிறவர் வாசலில் நிற்பார். அவர் கையில் நாம் கொடுப்பது முடிச்சா, பிரித்த பொருளா என்பது இன்று இரவே தீர்மானமாகிறது.